ஏர்ல் என்றால் யார்? ஓர் ஆங்கிலப் பட்டத்தை அடிமுதல் நுனிவரை படித்துப் புரிந்துகொள்ள முழுமையான வழிகாட்டி

சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்கு ரிப்பன் பெயர், எழும்பூர் நூலகத்துக்குக் கன்னிமாரா பெயர், பள்ளிப் பாடப்புத்தகத்தில் காரன்வாலிஸ், வெல்லெஸ்லி, வில்லிங்டன். தமிழில் இவர்கள் எல்லாருமே 'பிரபு'தான், ஒரே சொல்லில் முடித்துவிட்டோம். ஆனால் வைஸ்ராயாக வந்தபோது ரிப்பன் ஒரு மார்க்விஸ், கன்னிமாரா அதற்கு மூன்று படி கீழே இருக்கும் பாரன், வில்லிங்டனோ கீழ்ப்படியில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறியவர். அவர்கள் உலகத்தில் இந்த வித்தியாசம் உயிர்போகிற விஷயம். கிடைத்த பட்டத்துக்கு மவுசு குறைவு என்று புழுங்கிக் கடிதம் எழுதிய கவர்னர் ஜெனரலும் உண்டு, அவர் கதை கீழே வரும்.

எல்லாப் பட்டங்களையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஏர்ல் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் பிரபுப் பட்டங்களில் அதுதான் மூத்தது, மற்றவை எல்லாம் பிறகு அதற்கு மேலேயும் கீழேயும் வந்து ஒட்டிக்கொண்டவை. அதோடு, இது முதலில் பட்டமே இல்லை, ஒரு வேலை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்ற குழப்பங்களில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

படி 1: ஏணியில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

மேலிருந்து கீழாக ஐந்து படிகள்: டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். ஏர்ல் நட்டநடுவில். சர் பட்டம் வாங்கியவர்கள் இந்த ஏணியிலேயே இல்லை, அவர்கள் பிரபுக்கள் கிடையாது.

முடிசூட்டு விழாப் படங்களைப் பார்க்கும்போது யார் எந்தப் படி என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிரபுக்களின் சிறு கிரீடத்தில் ஸ்ட்ராபெரி இலை வடிவங்களும் வெள்ளிக் குண்டுகளும் இருக்கும். எட்டு இலை மட்டும் என்றால் டியூக். நான்கு இலை, நான்கு குண்டு என்றால் மார்க்விஸ். எட்டு இலையும், இடையிடையே நீண்ட காம்புகளின் நுனியில் தூக்கி நிறுத்திய எட்டுக் குண்டுகளும் இருந்தால் அது ஏர்ல். வைகவுண்டுக்குப் பதினாறு குண்டு, பாரனுக்கு ஆறு. தோளில் விழும் வெள்ளை ரோமப் பட்டையில் கறுப்புப் புள்ளி வரிசைகளையும் எண்ணலாம்: டியூக்குக்கு 4, மார்க்விஸுக்கு மூன்றரை, ஏர்லுக்கு 3, வைகவுண்டுக்கு இரண்டரை, பாரனுக்கு 2. அரை வரிசை வரைக்கும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்!

படி 2: வேர் வரைக்கும் போங்கள்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும்.

கி.பி. 600 வாக்கில் கென்ட் அரசர் ஏதெல்பெர்ட் தொகுத்த சட்டத்தில் 'ஏர்ல்' என்ற சொல் அதன் பழைய வடிவத்தில் வருகிறது. அப்போது அதற்குப் பொருள் உயர்குடிப் பிறந்தவன், அவ்வளவுதான். அதற்கு எதிர்ச்சொல்லாக வருவது 'சேர்ல்', அதாவது சாதாரணக் குடியானவன். ஏர்லின் இருப்பிடத்தில் கொலை நடந்தால் 12 ஷில்லிங் அபராதம், குடியானவனின் பாதுகாப்பை மீறினால் 6 ஷில்லிங் என்று அந்தச் சட்டம் பேசுகிறது. பதவி பற்றி ஒரு பேச்சும் இல்லை, பிறப்பு மட்டும்தான்.

அன்றைய இங்கிலாந்தில் அரசருக்காக ஒரு பகுதியை நிர்வகித்தவருக்கு வேறு பெயர் இருந்தது: எல்டர்மன். படை திரட்டுவது, வட்டார நீதிமன்றத்தில் உட்காருவது எல்லாம் அவர் வேலை. அப்புறம் வைக்கிங்குகள் வந்தார்கள். அவர்கள் மொழியில் அரசருக்கு அடுத்த தலைவனுக்கு 'யார்ல்' என்று பெயர். உள்ளூர் ஏர்லும் வந்திறங்கிய யார்லும் ஒலியில் உறவுக்காரச் சொற்கள், எனவே இரண்டும் சீக்கிரமே கலந்துபோயின.

1016இல் டென்மார்க்கைச் சேர்ந்த கனூட் இங்கிலாந்துக்கு அரசரானார். மறுவருடமே நாட்டை நான்காகப் பிரித்தார். வெஸ்ஸெக்ஸைத் தானே வைத்துக்கொண்டார், கிழக்கு ஆங்லியா தோர்கெல்லுக்கு, நார்தம்பிரியா எரிக்குக்கு, மெர்சியா எட்ரிக்குக்கு. இந்த எட்ரிக் போரின்போது இரண்டு பக்கமும் மாறி மாறித் தாவியவர். பதவி கிடைத்த அதே வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் கனூட் ஆளை வைத்து அவர் கதையை முடித்துவிட்டார். இந்தக் காலத்தில்தான் எல்டர்மன் என்ற பெயர் ஒதுங்கி, ஏர்ல் என்பது பதவியின் பெயராக நிலைத்தது. ஆக, 'ஏர்ல்' என்றால் ஒரு பெரிய மாகாணத்தின் கவர்னர். அரசர் நியமிப்பார், பிடிக்காவிட்டால் தூக்கிவிடுவார், சட்டப்படி மகனுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் நடைமுறை வேறு மாதிரி போனது. கனூட் கொஞ்ச காலத்தில் வெஸ்ஸெக்ஸை காட்வின் என்பவரிடம் கொடுத்தார். 1053இல் காட்வின் இறந்தபோது அந்தப் பதவி மகன் ஹெரால்டுக்கு வந்தது. அடுத்த சில வருடங்களில் காட்வினின் பிள்ளைகள் நார்தம்பிரியா, கிழக்கு ஆங்லியா என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்துவிட, மெர்சியா மட்டும்தான் வெளியே நின்றது. அப்போதைய மன்னர் எட்வர்டுக்கு வாரிசு இல்லாத நிலையில் 1066 ஜனவரியில் ஹெரால்டே முடி சூடிக்கொண்டார். கவர்னர் பதவி ஒரே வீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

படி 3: 1066க்குப் பிறகு என்ன வெட்டப்பட்டது என்று பாருங்கள்

அதே வருடம் அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் ஹெரால்டு இறந்தார், நார்மண்டியின் வில்லியம் அரசரானார். ஏர்ல்கள் எவ்வளவு ஆபத்தானவர்கள் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை, அவர் தோற்கடித்ததே ஓர் ஏர்லைத்தான். எனவே பெரிய மாகாணங்களை உடைத்து, ஒரு ஏர்லுக்கு ஒரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) என்ற அளவுக்குச் சுருக்கிக்கொண்டே வந்தார். வேல்ஸ் எல்லையில் செஸ்டர், ஷ்ரூஸ்பரி, கடற்கரையில் கென்ட் போல ஆபத்தான இடங்களில் மட்டும் நம்பிக்கையான ஆட்கள். கென்ட்டுக்குத் தன் தாய்வழித் தம்பி ஓடோவையே போட்டார்.

1075இல் மூன்று ஏர்ல்கள் கிளம்பினார்கள். ஒருவரின் தங்கையை இன்னொருவர் கட்டிக்கொண்ட கல்யாண விருந்திலேயே சதி பேசினார்கள் என்பது அந்தக் காலக் குறிப்பு. கலகம் எடுபடவில்லை. மூவரில் பழைய ஆங்கில வம்சத்தைச் சேர்ந்த வால்தியோஃபின் தலை 1076இல் வின்செஸ்டரில் வெட்டப்பட்டது. பழைய ஆங்கில ஏர்ல்களின் வரிசை அவரோடு முடிந்தது.

இதற்குப் பிறகு அன்றாட நிர்வாகம் ஷெரிஃப் கைக்குப் போய்விட்டது. வரி வசூல், நீதிமன்றம், அரசர் ஆணையை நடத்துவது எல்லாம் அவர்தான். ஏர்லுக்கு மிஞ்சியது மூன்று: இடுப்பில் அரசர் கையால் கட்டிவிடப்படும் வாள், கவுண்டியின் பெயர், அப்புறம் 'மூன்றாவது காசு' என்று சொல்லப்பட்ட வருமானம். அதாவது கவுண்டி நீதிமன்றத்தின் அபராத வரும்படியில் மூன்றில் ஒரு பங்கு. வேலை போய்விட்டது, வேலைக்குக் கொடுத்த சம்பளத்தில் ஒரு துண்டும் பெயர்ப்பலகையும் மட்டும் நின்றன. பிறகு அந்தக் காசும் பெயரளவுக்குச் சுருங்கியது.

இங்கே ஒரு குழப்பம் தீர்ந்துவிடும். ஏர்லின் மனைவியை ஏன் 'கவுண்டஸ்' என்கிறார்கள்? நார்மன் எழுத்தர்கள் லத்தீனில் எழுதும்போது ஏர்லை 'கோமெஸ்' என்று குறித்தார்கள். அரசரின் உடன் இருப்பவன் என்பது அதன் பொருள், பிரான்சில் கவுண்ட் என்ற பட்டம் அதிலிருந்து வந்ததுதான். ஆண்களுக்குப் பழைய ஆங்கிலச் சொல்லே நிலைத்துவிட்டது, ஆனால் அதற்குப் பெண்பால் வடிவம் கிடையாது, ஆகவே மனைவிக்குப் பிரெஞ்சு வழியிலிருந்து கடன் வாங்கினார்கள். கவுண்டி என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே. வைகவுண்ட் என்பது 'துணை கோமெஸ்'. லத்தீன் ஆவணங்களில் அது ஷெரிஃபைக் குறித்த சொல், பிரபுப் பட்டமாக மாறியது 1440இல்தான்.

1337 வரை அரச குடும்பத்துக்கு வெளியே ஏர்லுக்கு மேல் பட்டமே இல்லை. அந்த வருடம் மூன்றாம் எட்வர்ட் தன் மூத்த மகனை கார்ன்வால் டியூக் ஆக்கினார், இங்கிலாந்தின் முதல் டியூக் அவர்தான். 1385இல் மார்க்விஸ் வந்தது. உச்சியில் இருந்த ஏர்ல் ஐம்பது வருடத்துக்குள் மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டார், ஒரு தப்பும் செய்யாமல்.

படி 4: ஊர்ப்பெயரா, குடும்பப் பெயரா?

ஏர்ல் பட்டங்கள் இரண்டு வகை. 'டெர்பியின் ஏர்ல்', 'சாண்ட்விச்சின் ஏர்ல்' என்று ஊரோடு வருவது ஒன்று. 'ஏர்ல் கிரே', 'ஏர்ல் ஸ்பென்சர்', 'ஏர்ல் ஆட்லி' என்று குடும்பப் பெயரோடு நேராக வருவது இன்னொன்று. இரண்டுக்கும் மதிப்பில் வேறுபாடு இல்லை.

ஊர்ப்பெயர் இருந்தால் அந்த ஊர் அவருடையது என்று நினைத்துவிட வேண்டாம். டெர்பி ஏர்லின் மாளிகை லிவர்பூல் பக்கத்தில் நோஸ்லியில் இருக்கிறது. 12ஆம் டெர்பி ஏர்ல் பெயரில் 1780இல் எப்சம்மில் தொடங்கிய குதிரைப் பந்தயம்தான், இன்று கிண்டி வரைக்கும் 'டெர்பி' என்று ஓடுகிறது. ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்த பண்டத்துக்குப் பெயர் கொடுத்தவர் 4ஆம் சாண்ட்விச் ஏர்ல். 2ஆம் ஏர்ல் கிரே 1830 முதல் 1834 வரை பிரதமராக இருந்தவர், 1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டமும் மறுவருட அடிமை ஒழிப்புச் சட்டமும் அவர் ஆட்சியில் வந்தவை. இன்று அவர் பெயரைச் சொன்னால் தேநீர்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

படி 5: எத்தனையாவது ஏர்ல், எந்த உருவாக்கத்தில்?

பெயருக்கு முன்னால் வரும் எண்ணை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண முடியும். அங்கேயும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. உரிமையுள்ள ஆண் வாரிசு யாருமே இல்லாமல் போனால் பட்டம் ஒழிந்துவிடும், பிறகு அரசர் அதே பெயரில் புதிதாக உருவாக்கலாம், அப்போது எண் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு பட்டத்தையே பிரித்துப் பார்ப்போம்: போவிஸ் ஏர்ல். 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ், பிளாசி ராபர்ட் கிளைவின் மகன். 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது இவர் கவர்னராக இருந்தபோதுதான். திப்புவை வென்றதைக் கொண்டாட 1802இல் இவர் கட்டி முடித்த விருந்து மண்டபம்தான் இன்றைய ராஜாஜி மண்டபம். ஊர் திரும்பியதும் 1804இல் இவருக்கு 'முதலாம் போவிஸ் ஏர்ல்' பட்டம் கிடைத்தது.

ஆனால் 'முதலாம் போவிஸ் ஏர்ல்' என்று தேடினால் மூன்று பேர் வருவார்கள்! 1674இல் வில்லியம் ஹெர்பர்ட். அவர் கிளை 1748இல் வாரிசின்றி முடிய, அதே வருடம் உறவுக் கிளையைச் சேர்ந்த ஹென்றி ஹெர்பர்ட். அவருடைய மகன் 1801இல் கல்யாணம் ஆகாமலே இறந்தார், பட்டம் மறுபடியும் ஒழிந்தது. அந்தக் கடைசி ஹெர்பர்ட்டின் தங்கை ஹென்றியெட்டாதான் எட்வர்ட் கிளைவின் மனைவி. கணவர் சென்னையில் கவர்னராக இருந்தபோது, 1800இல் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்த அம்மாள். ஆக, மனைவி வீட்டில் மறைந்த பட்டம் மாப்பிள்ளைக்குப் புது அச்சில் வந்தது. சும்மா வாங்கிய பெயர் இல்லை, 1807இல் அவர் மகன் கிளைவ் என்ற குடும்பப் பெயரையே விட்டுவிட்டு ஹெர்பர்ட் என்று மாற்றிக்கொண்டார்.

மூன்று உருவாக்கங்களும் மூன்று வேறு பட்டியல்களில் இருப்பதையும் கவனியுங்கள். 1707க்கு முன்பு என்றால் இங்கிலாந்துப் பட்டியல் அல்லது ஸ்காட்லாந்துப் பட்டியல், 1707 முதல் 1800 வரை கிரேட் பிரிட்டன், 1801 முதல் ஐக்கிய இராச்சியம். இவை தவிர அயர்லாந்துப் பட்டியல் தனி, அதன் மவுசு குறைவு. அயர்லாந்துப் பட்டம் மட்டும் இருந்தால் லண்டனில் பிரபுக்கள் சபையில் தானாக இடம் கிடைக்காது. இரண்டாம் மார்னிங்டன் ஏர்ல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி ஸ்ரீரங்கப்பட்டணத்தை வீழ்த்திய பிறகு பெரிய பரிசை எதிர்பார்த்துக் கல்கத்தாவில் காத்திருந்தார். வந்தது மார்க்விஸ் பட்டம்தான், ஆனால் அயர்லாந்துப் பட்டியலில். 'இரட்டை முலாம் பூசிய உருளைக்கிழங்கு' என்று பிரதமர் பிட்டுக்குக் கசந்துபோய் எழுதினார், உருளைக்கிழங்கு என்றது அயர்லாந்தைக் குத்தி. முன்னால் சொன்ன புழுக்கக் கடிதம் இதுதான்.

படி 6: வீட்டில் யாருக்கு என்ன பெயர்?

ஏர்லை நேரில் 'லார்ட் இன்னார்' என்று கூப்பிடுவார்கள், ஏர்ல் என்ற சொல்லே பேச்சில் வராது. மனைவி 'லேடி இன்னார்'. மூத்த மகனுக்கு அப்பாவின் இரண்டாம் நிலைப் பட்டம் ஒன்று மரியாதைக்காக வரும், சட்டப்படி அவர் இன்னும் பிரபு அல்ல. ஏர்ல் ஸ்பென்சரின் வாரிசு 'வைகவுண்ட் ஆல்தார்ப்' என்று அழைக்கப்படுவது இப்படித்தான். இளைய மகன்களுக்கு 'மாண்புமிகு' மட்டும். மகள்களுக்கோ முதற்பெயருக்கு முன்னால் 'லேடி'.

டயானா பிறந்தபோது 'மாண்புமிகு டயானா ஸ்பென்சர்' தான். 1975இல் தாத்தா இறந்து அப்பா 8ஆம் ஏர்ல் ஆனதும் அந்தப் பள்ளிச் சிறுமி 'லேடி டயானா' ஆகிவிட்டார். பிறகு வந்த இளவரசி கதைக்கும் இந்த 'லேடி'க்கும் சம்பந்தமே இல்லை, அது அப்பா வழியில் வந்தது.

படி 7: பட்டம் யாருக்குப் போகிறது?

அரசர் கொடுக்கும் பட்டயத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம். பெரும்பாலான பட்டயங்கள் 'உடல்வழி ஆண் வாரிசுகளுக்கு' என்று சொல்கின்றன. ஆகவே மூன்று மகள்கள் இருந்தாலும் பட்டம் அவர்களைத் தாண்டித் தூரத்து ஒன்றுவிட்ட சகோதரன் வீட்டுக்குப் போய்விடும். விதிவிலக்காகச் சில பட்டயங்களில் மகள்களுக்கும் வழி வைத்து எழுதுவார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஃபிரெடரிக் ராபர்ட்ஸின் மகன் 1899இல் தென்னாப்பிரிக்கப் போரில் இறந்தார். 1901இல் ராபர்ட்ஸை ஏர்ல் ஆக்கியபோது மகள்களுக்குப் போகும்படி பட்டயம் எழுதப்பட்டது. இரண்டு மகள்களும் ஒருவர் பின் ஒருவராகச் சொந்த உரிமையில் கவுண்டஸ் ஆனார்கள், 1955இல் இரண்டாமவர் இறந்ததோடு பட்டம் மறைந்தது. மவுண்ட்பேட்டன் வீட்டிலும் இதே ஏற்பாடுதான், 1979இல் அவர் கொல்லப்பட்டதும் மூத்த மகள் பட்ரிசியாவுக்குப் பட்டம் போனது.

படி 8: இன்றைக்கு அதில் என்ன இருக்கிறது?

அதிகாரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. 1999 சட்டம் வந்தபோது பிறப்பால் வரும் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்ற எல்லாரும் பிரபுக்கள் சபையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார்கள்.

பட்டம் பாரமாகவும் ஆகலாம். 1963இல் 14ஆம் ஹோம் ஏர்ல் பிரதமரானார், ஆனால் அந்தக் காலத்தில் மக்கள் சபையில் உட்காராமல் பிரதமராக ஓட்ட முடியாது. அதே வருடம் வந்த சட்டத்தைப் பயன்படுத்திப் பட்டத்தைத் துறந்து சர் அலெக் டக்ளஸ் ஹோம் ஆனார். எதிர்க்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் 'பதினான்காம் ஏர்ல்' என்று கிண்டல் செய்ய, அப்படிப் பார்த்தால் அவர் பதினான்காம் வில்சனாக இருப்பார் என்று இவர் திருப்பிக் கொடுத்தார். நல்ல அடி.

ஓய்வுபெற்ற பிரதமருக்கு ஏர்ல் கொடுப்பது ஒரு காலத்தில் வழக்கம். ஆட்லிக்கு 1955இல் கிடைத்தது, மக்மில்லனுக்கு 1984இல் ஸ்டாக்டன் ஏர்ல். அரச குடும்பத்துக்கு வெளியே அதற்குப் பிறகு புதிய ஏர்ல் யாரும் இல்லை. கனூட் காலத்து வெஸ்ஸெக்ஸ் பெயரை 1999இல் எலிசபெத் ராணி தன் இளைய மகன் எட்வர்டுக்காகத் தூசு தட்டி எடுத்தார். வெஸ்ஸெக்ஸ் என்று ஒரு நிர்வாகப் பகுதி இப்போது வரைபடத்தில் கிடையாது.

படி 9: உயிரோடு இருக்கிறதா என்று சரிபாருங்கள்

ஒரு பட்டத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் அது இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வில்லிங்டன் 1910இல் பாரன், சென்னை கவர்னர் பதவி முடிந்த 1924இல் வைகவுண்ட், வைஸ்ராய் ஆன 1931இல் ஏர்ல், ஊர் திரும்பிய 1936இல் மார்க்விஸ். இவ்வளவு படி ஏறிச் சேர்த்த அத்தனையும் 1979இல் மகன் பிள்ளையில்லாமல் இறந்ததும் ஒரே நாளில் மறைந்தன.

உயிரோடு இருக்கும் பட்டங்களுக்கு 2004 முதல் அதிகாரபூர்வப் பதிவேடு ஒன்று பராமரிக்கப்படுகிறது. வாரிசாகவே இருந்தாலும் அதில் பெயர் ஏறாதவரை அரசு ஆவணங்களில் அவரைப் பிரபு என்று குறிப்பிட மாட்டார்கள்.

கடைசியாக, 'ஸ்காட்லாந்தில் ஒரு சதுர அடி நிலம் வாங்குங்கள், லார்ட் ஆகுங்கள்' என்று வரும் விளம்பரங்கள். அது நினைவுப் பரிசு, சுவரில் மாட்டி வைக்கலாம், பிரபுப் பட்டம் கிடையாது. மேனர் உரிமை என்று ஒன்றை ஏலத்தில் விற்பார்கள், அது பழைய நிலவுடைமையின் மிச்சம், அதுவும் பிரபுப் பட்டம் இல்லை. ஏர்ல் பட்டத்தை யாரும் யாருக்கும் விற்க முடியாது. பிரதமர் லாயிட் ஜார்ஜ் காலத்தில் கட்சி நிதிக்காகப் பட்டங்கள் விலைக்குப் போய் நாறிய பிறகு, 1925இல் அதைக் குற்றமாக்கிச் சட்டமே போட்டுவிட்டார்கள். யாராவது விலை சொல்லி உங்களிடம் வந்தால், எந்தப் பட்டியல், எத்தனையாவது உருவாக்கம், பட்டயத்தில் வாரிசு விதி என்ன என்று மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்.